கேம் பாஸ் சந்தாவில் ஆடத்தக்க ரோல் பிளேயிங் ஆட்டங்கள்: தர்மபுரியிலிருந்து ஒரு மதிப்புரை

மாதக் கட்டணம் கட்டிப் பட்டியலில் உள்ள ஆட்டங்களை ஆடவிடும் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் சந்தாவை எதற்காக வைத்திருக்க வேண்டும் என்று யாரேனும் கேட்டால், ஆர்பிஜி என்று சுருக்கிச் சொல்லப்படும் ரோல் பிளேயிங் ஆட்டங்களுக்காக என்று தயங்காமல் சொல்வேன். மைக்ரோசாஃப்ட் 2017 ஜூன் மாதத்தில் தொடங்கிய இச்சேவையில் கார்ப் பந்தயமும் சுடும் ஆட்டங்களும் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றை இரண்டு மாலைப்பொழுது ஆடினாலே உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரு கதாபாத்திரத்தை நாமே உருவாக்கி, அதன் பேச்சையும் நட்பையும் பகையையும் நாமே தீர்மானித்து, ஐம்பது அறுபது மணி நேரம் அதனோடு வாழவேண்டிய ஆர்பிஜி ஆட்டங்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவை விலையிலும் கூடியவை. வாங்கியபின் மனத்துக்கு ஒட்டாமல் போனால் கொடுத்த பணம் திரும்பி வராது. தர்மபுரியில் இருப்பவர்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம், ஏனென்றால் டிஸ்க் பார்த்து வாங்க வேண்டுமானால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகவேண்டியிருக்கிறது. எக்ஸ்பாக்ஸின் விலை குறைந்த சீரிஸ் எஸ் கன்சோலிலோ டிஸ்க் போடும் வசதியே கிடையாது. பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத ஓர் ஆட்டத்தை அச்சமின்றித் தொடங்கிப் பார்க்கும் உரிமையைத்தான் இந்தச் சந்தா நமக்கு விற்கிறது, அந்த உரிமையால் மிகுதியும் பயன்பெறுவது இவ்வகை ஆட்டங்களே.

தேர்வு செய்யும் முன் மனத்தில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு. கேம் பாஸில் இருக்கும் ஆட்டங்கள் எல்லாம் என்றென்றும் அங்கேயே இருப்பவை அல்ல. வெளி நிறுவனங்களின் ஆட்டங்கள் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பட்டியலிலிருந்து விலகும். சில நாட்களுக்கு முன்னதாக அறிவிப்பு வரும், அவ்வளவுதான். எட்டு மணி நேரத்தில் முடியும் ஆட்டம் என்றால் அறிவிப்பு வந்தபின் ஆடி முடித்துவிடலாம், ஆனால் வேலைக்கோ கல்லூரிக்கோ போய் வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் உட்காரும் ஒருவர் எண்பது மணி நேர ஆர்பிஜியின் நடுவில் இருக்கும்போது அது கைவிட்டுப் போனால், தனியே விலை கொடுத்து வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மைக்ரோசாஃப்ட் தனக்குச் சொந்தமாக்கிக்கொண்ட ஸ்டுடியோக்களின் ஆட்டங்களில் இந்தக் கவலை மிகக் குறைவு. ஒப்சிடியன், இன்எக்ஸைல் ஆகிய இரண்டும் 2018இல் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தன. பெத்தெஸ்டாவின் தாய் நிறுவனத்தை வாங்கும் பணி 2021 மார்ச்சில் நிறைவேறியது. ஆர்பிஜி என்ற துறையில் பல்லாண்டு அனுபவம் கொண்ட இந்த மூன்று பெயர்களும் ஒரே சந்தாவின் கீழ் வந்திருப்பதே கேம் பாஸின் பெரிய பலம் என்பது என் கருத்து.

இவற்றுள் முதலிடத்தை நான் பென்டிமென்ட் என்ற ஆட்டத்துக்குக் கொடுக்கிறேன். 2022 நவம்பரில் ஒப்சிடியனின் ஒரு சிறு குழு ஜோஷ் சாயரின் தலைமையில் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் வாள் வீச்சு இல்லை, லெவல் ஏற்றம் இல்லை, பேசும் குரல் கூட இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் பவேரியாவில் தாசிங் என்ற கற்பனைச் சிற்றூர். அதன் அருகே ஒரு மடம். அந்த மடத்தின் ஏடெழுதும் கூடத்தில் ஓவியம் தீட்ட வந்திருக்கும் அந்திரேயாஸ் மாலர் என்ற இளைஞன்தான் நாம். ஊருக்கு வந்த ஒரு பிரபு கொல்லப்படுகிறார், பழி அந்திரேயாஸின் நண்பரான முதிய துறவி ஒருவர் மேல் விழுகிறது, நீதி வழங்கும் அதிகாரி வந்து சேர்வதற்குள் உண்மைக் குற்றவாளி யார் என்று நாம் தேடவேண்டும். கதைச் சுருக்கம் ஒரு துப்பறியும் கதைபோல இருந்தாலும், ஆடும் அனுபவம் வேறு வகையானது. பகல் பொழுதுகள் எண்ணி வைக்கப்பட்டவை. ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் இன்னொரு வீட்டின் அழைப்பு கைநழுவும். யாரோடு உணவருந்துகிறோம் என்பதைப் பொறுத்து யாருடைய கதை நமக்குத் தெரியவருகிறது என்பது மாறும். இறுதியில் நாம் ஒருவரைச் சுட்டிக்காட்டும்போது, அவர்தான் குற்றவாளி என்ற உறுதியை ஆட்டம் நமக்குத் தருவதே இல்லை. தண்டனை நிறைவேறுவதை ஊர் மக்களோடு நின்று பார்க்கிறோம். பின்னர் ஆண்டுகள் உருள்கின்றன, மொத்தக் கதையும் ஏறத்தாழ 25 ஆண்டுகளைத் தழுவிச் செல்கிறது. அன்று நாம் சுட்டிய விரலின் விளைவைச் சுமந்துகொண்டு அந்த ஊர் மூப்படைவதை, குழந்தைகள் பெற்றோராவதை, வரி உயர்வும் உழவர்களின் சினமும் வளர்வதை நாம் காண்கிறோம்.

எழுத்தையே முகமாக்கியிருப்பது இந்த ஆட்டத்தின் தனிச்சிறப்பு. கற்ற துறவி பேசும்போது வசனம் பழைய கோதிக் எழுத்தில் விழுகிறது. உழவர் பேசினால் கிறுக்கலான கையெழுத்து. அச்சகம் நடத்துபவர் பேசினால் அச்சு எழுத்துகள் கோத்துப் பதியும் ஓசையோடு வருகின்றன. ஒருவர் படித்தவர் என்று நாம் பின்னர் அறிந்துகொண்டால் அவருடைய எழுத்து வடிவமும் அதற்கேற்ப மாறுகிறது. இத்தனை வேறுபட்ட எழுத்துருக்கள் நம் கண்ணுக்குச் சிரமமாக இருக்குமே என்ற ஐயம் நியாயமானது. எளிய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி அமைப்புகளில் உண்டு. வசனத்தில் அடிக்கோடிட்ட பெயர்களையும் சொற்களையும் அழுத்தினால் ஏட்டின் ஓரத்தில் விளக்கம் தோன்றுகிறது. தமிழ் வழியில் படித்து ஆங்கிலத்தை மெல்லப் பழகியவர்களுக்கு இது பெரிய துணை. குரல் இல்லாததும் ஒரு வகையில் நமக்கு நல்லதே, ஏனென்றால் ஒவ்வொரு வசனத்தையும் நம் வேகத்தில் நிறுத்திப் படிக்கலாம். இப்படி ஓர் ஆட்டத்தை முன்பின் தெரியாமல் முழு விலை கொடுத்து எத்தனை பேர் வாங்குவார்கள்? சந்தா இருப்பதால் மட்டுமே நம் கைக்கு எட்டும் ஆட்டம் இது, இதைத் தொட்டுப் பார்க்காமல் சந்தாவை முடித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

இதே ஜோஷ் சாயர் முன்னர் இயக்கிய ஃபால்அவுட் நியூ வேகஸ், வசனத்தின் வலிமையை வேறொரு களத்தில் காட்டுகிறது. 2010இல் வெளிவந்த ஆட்டம் என்பதால் முகங்கள் மரப்பொம்மை போலத்தான் இருக்கும், வெளிவந்த காலத்தில் தொழில்நுட்பக் குறைகளுக்காகப் பரவலாகக் குறை சொல்லப்பட்டதும் உண்மை. அடிக்கடி சேவ் செய்துகொண்டு ஆடுவது நல்லது. அணுப்போரில் அழிந்த அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், தலையில் சுடப்பட்டுக் குழியில் தள்ளப்பட்ட ஓர் அஞ்சல்காரராக நாம் உயிர் பிழைத்து எழுகிறோம். ஹூவர் அணையையும் அதன் மின்சாரத்தையும் யார் ஆள்வது என்று ஒரு குடியரசும், அடிமைகளை வைத்திருக்கும் ஒரு படையும், நகரை ஆளும் ஒரு செல்வரும் போட்டியிடுகிறார்கள். மூவரில் ஒருவருக்குத் துணை நிற்கலாம், மூவரையும் விலக்கிவிட்டு நாமே முடிவெடுக்கும் வழியும் உண்டு.

இந்த ஆட்டத்தை மேலான இடத்தில் வைக்கச் செய்வது அதன் முடிவுக் காட்சி. பேச்சுத் திறனை முழுமையாக வளர்த்த ஒருவர், எதிர்ப்படையின் தலைவனை ஆயுதம் எடுக்காமலே பேசித் திருப்பி அனுப்பிவிட முடியும். அணையைப் பிடித்தாலும் அதைக் காத்து நிற்கப் படையும் உணவும் போதாது என்று அவனுக்கே புரியவைக்கவேண்டும். தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இந்த மண்ணின் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, பீலி சூட்டி நெய் பூசி அடுக்கி வைத்திருந்த அவனுடைய வேல்களைப் பார்த்துவிட்டு, எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்ன செய்தியைப் பள்ளியில் படித்தவர்களுக்கு, இந்தக் காட்சியின் சுவை உடனே பிடிபடும். துப்பாக்கி ஏந்தி ஆடும் வகையில் ஆயிரம் ஆட்டங்கள் இருக்கின்றன. ஒரு வாக்கியத்தால் போர் நிற்கும் வாய்ப்பைத் தரும் ஆட்டங்கள் மிகச் சிலவே.

பெத்தெஸ்டாவின் ஸ்கைரிம் பற்றி அறியாதவர்கள் குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இது 2011இல் வெளிவந்தது; பின்னர் வந்த இதன் சிறப்புப் பதிப்பு சந்தாவில் உள்ளது. வில்லை எடுத்தால் வில்வித்தை வளரும், பூட்டைத் திறந்தால் பூட்டுத் திறக்கும் கை தேறும் என்று, செய்யும் செயலே திறமையாகும் முறை ஆர்பிஜிக்குப் புதியவர்களுக்கு மிக எளிதில் புரியும். முதல் முறையாக இவ்வகை ஆட்டத்தைத் தொடும் தம்பி தங்கைகளுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். 2006இன் ஒப்லிவியனுக்குப் புதிய உருவம் கொடுத்து 2025 ஏப்ரல் 22 அன்று அறிவித்து அன்றைக்கே வெளியிட்ட மறுபதிப்பும் இருக்கிறது. அதன் கொலைகாரர் சங்கக் கதைத்தொடர், எழுதப்பட்ட விதத்தில் ஸ்கைரிமைக் காட்டிலும் சிறந்தது. எதிரிகளின் வலிமை நம் லெவலோடு சேர்ந்தே ஏறிக்கொண்டு போகும் பழைய குறை, ஓரளவு குறைந்திருந்தாலும் முழுதும் நீங்கவில்லை.

கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33 வெளி நிறுவனத்தின் ஆட்டம், ஆகவே பட்டியலில் இருக்கும்போதே ஆடி முடிக்கவேண்டியது. பிரான்ஸின் மோன்பெலியே நகரைச் சேர்ந்த சாண்ட்ஃபால் நிறுவனம் 2025 ஏப்ரல் 24 அன்று வெளியிட்ட இது, அன்றே கேம் பாஸிலும் வந்தது, அந்த ஆண்டின் த கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதையும் பெற்றது. ஓவியம் தீட்டும் ஒரு மாபெரும் பெண் ஆண்டுக்கொரு முறை எழுந்து ஓர் எண்ணை எழுதுகிறாள், அந்த வயதை எட்டியவர்கள் எல்லாரும் காற்றில் கரைந்து போகிறார்கள், எண்ணோ ஒவ்வோர் ஆண்டும் ஒன்று குறைகிறது. விடைபெறத் துறைமுகத்தில் கூடும் மக்களைக் காட்டும் தொடக்கக் காட்சியிலேயே கண் கலங்கும். சண்டை மாறி மாறி அடிக்கும் முறைதான் என்றாலும், எதிரி அடிக்கும் நொடியில் சரியாகப் பட்டனை அழுத்தித் தடுத்தால் எதிரடி கொடுக்கலாம். இங்கே நம் வீட்டு டிவி குறுக்கே நிற்கும்: படத்தை மெருகேற்றும் வசதிகள் இயங்கும்போது பட்டன் அழுத்தலுக்கும் திரைக்கும் இடையே தாமதம் உண்டாகும், எவ்வளவு பழகினாலும் தடுப்பு பிடிபடாது. டிவியை கேம் மோடுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். அப்படியும் கடினமாக இருந்தால் கதைக்கான எளிய நிலையைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை, இந்த ஆட்டத்தின் உயிர் அதன் கதையிலும் இசையிலும் இருக்கிறது.

ஒப்சிடியனின் அவௌட் 2025 பிப்ரவரியில் வந்தது. மந்திரக்கோலும் துப்பாக்கியும் கலந்த சண்டை இனிமையாக இருக்கிறது, உலகம் அளவோடு இருக்கிறது, ஆனால் நம் முடிவுகளுக்கு ஊர் மக்கள் காட்டும் எதிர்வினை நியூ வேகஸின் அருகில் கூட வரவில்லை. ஸ்டார்ஃபீல்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட கோள்களைத் தருகிறது, அவற்றில் பெரும்பாலானவற்றில் செய்வதற்கு ஒன்றுமில்லை. விண்கலம் கட்டுவதில் ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம்.

பதிவிறக்க அளவையும் சொல்லவேண்டும். ஸ்டார்ஃபீல்டும் ஒப்லிவியன் மறுபதிப்பும் ஒவ்வொன்றும் 125 ஜிபி அளவுக்கு இடம் கேட்பவை. 512 ஜிபி என்று விற்கப்படும் சீரிஸ் எஸ் கன்சோலில் நமக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 364 ஜிபி. மாத வரம்புள்ள இணைய இணைப்பு வைத்திருப்பவர்கள் இவற்றை நீக்கி நீக்கி மறுபடி இறக்கினால் வரம்பு விரைவில் தீரும். பென்டிமென்ட், நியூ வேகஸ் இரண்டும் இவற்றின் முன் மிகச் சிறியவை என்பதால், இண்டூரிலோ பென்னாகரத்திலோ மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களும் இவற்றை இறக்கிவிடலாம். மின்சாரம் போய்ப் போய் வரும் மழைக்காலத்தில், நினைத்த இடத்தில் சேவ் செய்ய விடும் ஸ்கைரிமும் நியூ வேகஸும் வசதியானவை. பென்டிமென்ட் தானே அவ்வப்போது சேவ் செய்துகொள்ளும் முறையில் இயங்குவதால், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் திடீரென்று நின்றால் கடைசிக் காட்சியை மீண்டும் ஆடவேண்டிவரும்.

2023இல் பெரும் புகழ் பெற்ற பால்டர்ஸ் கேட் 3 இந்தச் சேவையில் வெளியாகவில்லை. அதற்காகச் சந்தா எடுக்க நினைப்பவர்கள் ஏமாறவேண்டாம். இங்கே குறிப்பிட்ட எந்த ஆட்டத்திலும் தமிழ் வசன வரிகள் கிடையாது என்பதும் பெரிய குறை. மேலே சொன்னவற்றில் பல, வன்முறைக் காட்சிகள் கொண்டவை, பெரியவர்களுக்கானவை. சிறுவர்கள் உள்ள வீட்டில் கன்சோலின் குடும்ப அமைப்பில் வயது வரம்பை வைத்துவிடுங்கள்.

2025 அக்டோபரில் சந்தா எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட் என்று மூன்று நிலைகளாக மாற்றப்பட்டது; அப்போது இந்தியாவில் அல்டிமேட்டின் மாதக் கட்டணம் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாயாக உயர்ந்தது, பிரீமியம் 699 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. புதிய ஆட்டம் வெளியாகும் நாளிலேயே ஆடவேண்டும் என்ற தேவை இல்லாதவர்கள் அல்டிமேட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கவேண்டியதில்லை, ஏனென்றால் நான் முதலிடங்களில் வைத்தவை எல்லாம் பழைய ஆட்டங்களே. தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கும்போது பிரீமியம் எடுத்து, பென்டிமென்டில் தொடங்கி, நியூ வேகஸுக்குப் போகலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள். கல்லூரி திறந்தபின் சந்தா முடிந்தாலும் உங்கள் சேவ் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அப்படியே இருக்கும், அடுத்த விடுமுறையில் மறுபடி பணம் கட்டி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.