ட்வீட்டருக்கு மாற்று டயாஃப்ரம்: வாங்கி மாட்டிய அனுபவம்

ஜால்ரா சத்தம் வலப்பக்கம் மட்டுமே கேட்கிறது என்பதைக் கவனிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. இடது ஸ்பீக்கரில் குரல் வருகிறது, பாஸ் வருகிறது, மேல்ஸ்தாயி மட்டும் போர்வை போர்த்தியதுபோல் மங்கிக் கிடந்தது. ஆம்ப்ளிஃபயரில் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகினேன். கோளாறு அதே ஸ்பீக்கரில்தான் இருந்தது. சரி, மேல்ஸ்தாயியை ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர்தான் கெட்டிருக்கிறது என்று கழற்றினேன்.

மல்டிமீட்டர் வைப்பதற்கு முன் ட்வீட்டரின் ஒயரைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கிராஸ்ஓவரில் (ஒலியைப் பிரித்து மேல்ஸ்தாயியை மட்டும் ட்வீட்டருக்கு அனுப்பும் போர்டு) உள்ள காயில் வழியாக ஏதோ ஒரு எண் வந்து குழப்பும். நல்ல ட்வீட்டர் 5.8 ஓம் காட்டியது; 8 ஓம் ட்வீட்டருக்கு அது சரியான அளவு. கெட்டது எதையுமே காட்டவில்லை. ட்வீட்டருக்குள் இருக்கும் காயில் அறுந்திருக்கிறது.

முதலில் ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று விற்ற ஒரு மலிவு டயாஃப்ரத்தை (அதிர்ந்து ஒலி எழுப்பும் குவிமாடமும் அதில் ஒட்டிய காயிலும்) வாங்கினேன். மாட்டும் முன் அளந்தது நல்லதாகப் போயிற்று: 3.4 ஓம். அதாவது 4 ஓம் காயில். 8 ஓமுக்கு அமைத்த கிராஸ்ஓவரில் அதை மாட்டினால் ஒலி பிரியும் இடமே மாறிவிடும். போதாததற்கு காயிலும் கோணலாக ஒட்டியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்து, ஸ்பீக்கரைத் தயாரித்த நிறுவனமே தரும் டயாஃப்ரத்தை வாங்கினேன். 5.7 ஓம். குவிமாடம், காயில், இணைப்பு முனைகள் எல்லாம் ஒரே தட்டில் வருகின்றன. இரண்டு ஊசிகளில் உட்கார வைத்தால் காயில் தானாக நடுவில் நிற்கிறது. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழையதை எடுத்து விளக்கடியில் பார்த்தேன். தலைமுடி போன்ற செம்புக் கம்பி ஒரு பக்கம் கருத்து, எனாமல் கொப்பளித்து, வெளியே வரும் இடத்தில் அறுந்திருந்தது. முகர்ந்தால் இன்னும் தீய்ந்த வாசனை.

காந்த இடுக்கில் பழைய ஃபெர்ரோஃப்ளூயிட் (காயிலைக் குளிர்விக்கும் காந்தத் திரவம்) காய்ந்து தார்போல் ஒட்டியிருந்தது. மடித்த காகிதத்தை விட்டு, அது வெள்ளையாக வெளிவரும்வரை துடைத்தேன். புது ஃபெர்ரோஃப்ளூயிட் பெட்டியில் இல்லை; தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. இது பெரிய குறை. அப்புறம், இரும்பு ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். காந்தம் வெடுக்கென்று இழுத்தால் புதுக் குவிமாடத்தில் ஓட்டைதான்.

மூடும் முன் கிராஸ்ஓவர் போர்டையும் பார்த்தேன். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் இரண்டும் சரி. காயில் எரிந்ததற்குக் காரணம் நான்தான்: சின்ன ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூமில் ஓட்டி, அது கிளிப் ஆகி (தாங்காமல் அலையின் உச்சி வெட்டுப்பட்டு), அந்த அலையின் கூர்மை முழுவதும் ட்வீட்டரில் இறங்கியிருக்கிறது. பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் ட்வீட்டரைக் கொல்லும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஜால்ரா இரண்டு பக்கமும் கேட்கிறது. ஆனால் புதுப் பக்கம் கொஞ்சம் கூடுதல் பளிச்சென்று ஒலிக்கிறது. வலது பக்க ஃபெர்ரோஃப்ளூயிடும் காய்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதற்கும் ஒரு டயாஃப்ரம் சொல்லிவிட்டேன்.