கேம்பர் வான் வாடகைக்கு எடுக்க முதல் இதை வாசியுங்கோ: எங்கட 172,000 ரூபா போச்சுது

நேற்றுப் பின்னேரம் வான் தந்தவையின்ர நம்பர் என்னை புளொக் பண்ணிப்போட்டுது. அதுவரைக்கும் காசு வரும் எண்டு இருந்தனான். இனி வராது. தெற்குக் கரையால கேம்பர் வானில (உள்ளயே படுத்துச் சமைச்சுச் சாப்பிடுற வான்) போகலாம் எண்டு யோசிக்கிற ஆக்கள் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கோ, என்னென்ன பார்க்கவேணும் எண்டு விபரமா எழுதுறன். 172,000 ரூபா. நானும் என்ர மனுசனும் மாசச் சம்பளக்காரர், எங்களுக்கு அது சின்னக் காசில்லை.

முறைப்பாடு குடுத்திருக்கிறதால பேரை இப்ப போடாதை எண்டு இவர் சொல்றார். சமூக ஊடகத்தில பக்கம் வச்சு வான் வாடகைக்கு விடுற ஆக்கள் எண்டு மட்டும் விளங்கிக்கொள்ளுங்கோ. கந்தோரும் இல்லை, போர்டும் இல்லை.

அம்மாவுக்கு 74 வயது. பஞ்ச ஈஸ்வரம் எண்டுற அஞ்சு சிவன் கோயிலில முன்னேஸ்வரம், கோணேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், நகுலேஸ்வரம் நாலும் பார்த்திட்டா. மிச்சம் இருக்கிறது தெற்குக் கரையில தெய்வேந்திரமுனைத் தொண்டீஸ்வரம். அது 1588 இல போர்த்துக்கேயர் இடிச்ச கோயில், இப்ப அங்க நிக்கிறது விஷ்ணு தேவாலயம் எண்டு அவவுக்கும் தெரியும். எண்டாலும் அந்த மண்ணில நிண்டு ஒருக்காக் கும்பிடவேணும் எண்டு கனகாலமாச் சொல்லுவா. முழங்கால் நோ, பஸ்ஸில கனநேரம் இருக்க ஏலாது. இடையில நிப்பாட்டிப் படுத்தெழும்பிப் போகலாமே எண்டு இந்த வான் யோசனையைக் கொண்டுவந்தது நான்தான்.

அவையின்ர சமூக ஊடகப் பக்கத்தில இருந்த படத்தைப் பார்த்தால் நீங்களும் ஆசைப்படுவீங்கள். மேல எழும்புற கூரை, ரெண்டு கட்டில், பிரிட்ஜ், காஸ் அடுப்பு, பக்கவாட்டில இழுத்து விரிக்கிற பந்தல். நாளுக்கு 28,000. போயா லீவோட நாலு நாளைக்கு 112,000. டிபோசிட் 60,000, வானைத் திருப்பிக் குடுத்த உடனே கையில தருவினம் எண்டு போட்டிருந்தது. நான் ஒரேயடியாக் காசு போடேல்லை. ஆளைப் பார்க்கவேணும் எண்டு சொன்னனான். அவையின்ர பெடியன் ஒருத்தன் அடுத்தநாளே வெள்ளவத்தைக்கு எங்கட வீட்டுக்கு வந்தான்.

இந்த இடத்தைத்தான் என்னால இன்னும் தாங்க ஏலாமல் கிடக்கு. செருப்பை வாசலில கழட்டிப்போட்டு வந்து இருந்தான். அம்மா தேத்தண்ணியும் உளுந்து வடையும் குடுத்தா. "அம்மா, நானும் இந்தப் பக்கம்தான், அம்மன் கோயில் தேருக்கு வருசா வருசம் வருவன்" எண்டான். தொண்டீஸ்வரம் எண்டு அம்மா சொன்னதும், "அப்ப நான் உங்களுக்கு எங்களிட்டை இருக்கிறதிலயே நல்ல வானைத் தாறன், நீங்கள் கும்பிடேக்க எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்கோ" எண்டான். அம்மா அவன்ர தலையில கைவச்சுத் "தம்பி நல்லா இரு" எண்டு சொன்னவ. அவன் படி இறங்க முதலே நான் போனில காசை அனுப்பிட்டன், 172,000 உம். ஒரு தனியாளின்ர வங்கிக் கணக்கு. பில் எங்க தம்பி எண்டு கேட்டதுக்கு வட்ஸ்அப்பில வரும் அக்கா எண்டான். இண்டை வரைக்கும் வரேல்லை.

வெள்ளிக்கிழமை விடிய அஞ்சரைக்கு வந்து நிண்டது படத்தில பார்த்த வான் இல்லை. கூரை எழும்பாது. கட்டில் எண்டது பிளைவூட் பலகைக்கு மேல மெத்தைத் துண்டு. கேட்டால், "அந்த வான் சேர்விசுக்குப் போயிட்டுது அக்கா, இது அதைவிட எஞ்சின் திறம்." பிள்ளையள் தலையணையோட ரோட்டில நிக்குதுகள், அம்மா திருநீறு பூசி வெளிக்கிட்டு நிக்கிறா. நான் என்ன செய்ய? இவர் போட்டோ எடுக்கப் போக, "எதுக்கு அண்ணா, நாங்கள் அம்மாவின்ர கையால சாப்பிட்ட ஆக்கள்" எண்டு சிரிச்சான். இவரும் போனைப் பொக்கற்றில வச்சிட்டார். எஞ்சின் சூட்டு முள்ளு அசையாமக் கீழயே கிடக்குதே எண்டு கேட்டதுக்கு, "அது அப்பிடித்தான் நிக்கும்."

கடலைப் பார்க்கத்தானே போறம் எண்டு அதிவேக வீதியை விட்டுக் காலி வீதியாலயே போனனாங்கள். பாணந்துறை, களுத்துறை, பேருவளை, பெந்தோட்டை. உண்மையைச் சொல்லவேணும், அந்த முதல்நாள் பகல் நல்லா இருந்தது. பெரேலியவில நிப்பாட்டினனாங்கள். 2004 சுனாமியில ரயிலோட ஆயிரத்துக்கு மேற்பட்ட சனத்தை அலை அடிச்ச இடம். அம்மா கதைக்கவே இல்லை, கனநேரம் நினைவுச்சின்னத்தையே பார்த்துக்கொண்டு நிண்டா.

இரவு ஹிக்கடுவைக்குக் கிட்ட ஒரு விடுதித் தென்னங்காணிக்குள்ள, காசு கட்டி வானை நிப்பாட்டினம். ஒன்பது மணிக்கு ரெண்டாவது பட்டரி செத்துப்போச்சு. பேனும் நிண்டுது, பிரிட்ஜும் நிண்டுது. பால் திரைஞ்சு, அம்மா கட்டிக்கொண்டு வந்த மீன்குழம்பு மணத்துப் போச்சு. விடிய விடிய பிள்ளையளுக்கு நுளம்பு விசிறினன். அவனுக்கு எடுத்தால், "காலமை வெயிலில ஓடச் சார்ஜ் ஏறும் அக்கா."

அடுத்தநாள் காலிக் கோட்டையைச் சுத்திப் பார்த்திட்டு வெளிக்கிட்டு, அஹங்கமவைத் தாண்டேல்லை, சீற்றுக்குக் கீழ இருந்து புகை. எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழதான். பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில குதிச்சனான். அம்மாவை இறக்க இவரும் ஒரு ஓட்டோக்கார ஐயாவும் பட்ட பாட்டை எழுத எனக்கு மனம் வரேல்லை.

பக்கத்துக் கராஜ் பாஸ் வந்து சீற்றைத் தூக்கிக் காட்டினார். ரேடியேட்டர் ஏற்கனவே வெடிச்சு, பசை வச்சு ஒட்டியிருக்கு. வெளிப் போத்தலில தண்ணி நிறைய நிக்குது, உள்ள ஒண்டும் இல்லை. சூட்டு முள்ளுக்குப் போற வயரை வெட்டி, நுனிக்கு டேப் சுத்தியிருக்கு. தானா அறுந்ததில்லை, வெட்டினது. எஞ்சின் கொதிச்சாலும் ஓடுறவனுக்குத் தெரியக்கூடாது எண்டு செய்த வேலை எண்டு அவர் சிங்களத்தில சொன்னார். அவர் எங்களிட்ட ஒரு சதம் வாங்கேல்லை. அவற்ர மனுசி அம்மாவுக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடுத்தா.

நான் அவனுக்குப் பதினொரு தரம் எடுத்தன். முதல், "மீட்டிங்ல நிக்கிறன் அக்கா." பிறகு, "பொஸ்ஸிட்டச் சொல்லியிருக்கு." பிறகு வேற ஒருத்தன் எடுத்து, வானை அங்கயே விட்டிட்டு வாங்கோ, திங்கட்கிழமை காசு திருப்பிப் போடுறம் எண்டான். நாங்கள் விட்டிட்டு, ரயிலில கொழும்புக்கு வந்தனாங்கள். காலி தாண்டும் வரைக்கும் அம்மாவுக்கு இருக்க இடம் கிடைக்கேல்லை. வான் நிண்டபோது வெலிகமவுக்குக் கிட்ட வந்திருந்தம், தெய்வேந்திரமுனை இன்னும் கொஞ்சத் தூரம்தான் இருந்தது. அவ ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லேல்லை.

திங்கள் வந்துது, காசு வரேல்லை. செவ்வாய், "எக்கவுண்டன்ட் லீவு." புதன், தண்ணி பார்க்காமல் ஓடி எஞ்சினை எரிச்சது நீங்கள், டிபோசிட் காணாது, இன்னும் மூண்டு லட்சம் நீங்கள் தரவேணும் எண்டு ஒரு வொய்ஸ் மெசேஜ். குரல் அதே பெடியன்ர குரல். வெட்டின வயரின்ர போட்டோவை அனுப்பினன். ரெண்டு நீலக் கோடு விழுந்தது. அதோட புளொக். ஓடாத நாளுக்குரிய வாடகையையாவது தந்திருக்கலாம். 172,000 இல ஒரு ரூபா கூட இல்லை.

பொலிஸில இது காசுக் கொடுக்கல் வாங்கல், சிவில் விசயம் எண்டினம். முறைப்பாட்டு இலக்கம் மட்டும் கேட்டு வாங்கி வச்சிருக்கிறன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில குடுத்தாச்சு. அவையின்ர அவசர இலக்கம் 1977. சேவை கிடைச்சு மூண்டு மாதத்துக்குள்ள எழுத்தில குடுக்கவேணும், ஆறப்போடாதேங்கோ.

விபரமா எழுதுறன் எண்டு மேல சொன்னனான், இப்ப மனம் ஓடுதில்லை. அவசரத்துக்கு இவ்வளவும்: தனியாளின்ர கணக்குக்கு முழுக்காசும் போடாதேங்கோ. முதல்நாளே வானைப் போய்ப் பாருங்கோ. எஞ்சின் ஆறியிருக்கேக்க ஸ்டார்ட் பண்ணி முள்ளு மெல்ல எழும்புதா பாருங்கோ, எழும்பாட்டி எடுக்கவேண்டாம். ஸ்டார்ட் பண்ண முதலே, எஞ்சின் ஆறியிருக்கேக்க ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கோ, போத்தலை நம்பாதேங்கோ. இன்சூரன்ஸ் கடதாசியில வாடகைக்கு விடலாம் எண்டு இருக்கோ பாருங்கோ. எங்கட வானுக்குச் சொந்தப் பாவனை எண்டுதான் இருந்தது, நான் அதை வாசிச்சது அஹங்கமவில, ரோட்டோரத்தில நிண்டு. சுத்திவர வீடியோ எடுங்கோ, ஆர் என்ன சொன்னாலும்.

இண்டைக்குக் காலமை இவற்ர போனில அந்தப் பக்கத்தைப் பார்த்தன். அதே படம், அதே எழும்புற கூரை. டிசம்பருக்கு மூண்டு நாள்தான் மிச்சம், கெதியா அட்வான்ஸ் போடுங்கோ எண்டு இருக்கு. கீழ ஒரு அக்கா, வயதான மாமியோட போகலாமோ எண்டு கேட்டிருக்கிறா. "தாராளமா, நாங்கள் பார்த்துக்கொள்ளுறம் அக்கா" எண்டு பதில். அதுக்குக் கீழ நான் எழுதினதை ரெண்டு நிமிசத்தில அழிச்சுப்போட்டினம். அவவுக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்கிறன். இன்னும் பார்க்கேல்லை.