சிமுலேட்டரை ‘ஸ்மூத்’ ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடுகிறவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. ‘கிராபிக்ஸ் கார்டு ட்யூனிங்’ என்று பெயர். வாட்ஸ்அப்பில் பேசுவார்கள், ரிமோட் செயலி வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்குள் வருவார்கள், செட்டிங்ஸை அங்குமிங்கும் மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். என்னிடம் வாங்கியது 3,500 ரூபாய். ஆள் பெயரோ எண்ணோ போடப்போவதில்லை. இதே வேலையை இதே பாணியில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் முறையைச் சொல்வதுதான் பயன்.

என் மெஷினில் சிபியு (ப்ராசஸர்) ரைசன் 5 5600, கிராபிக்ஸ் கார்டு நிவிடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 32 ஜிபி ரேம், 1440பி மானிட்டர், அதுவும் 60 ஹெர்ட்ஸ்தான். ஓட்டுவது 2020 பதிப்பு. சாதாரண இடங்களில் நன்றாகவே ஓடும். ஃபெனிக்ஸ் ஏ320-ஐ (தனியாக வாங்கிச் சேர்க்கும் பயணிகள் விமானம்) எடுத்துக்கொண்டு லண்டன் ஹீத்ரோவில் இறங்கப் போனால் மட்டும் கடைசி பத்து மைல் திக்கித் திக்கி வரும். பிரேம், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற எண், 28-க்கும் 35-க்கும் நடுவே ஆடும். ஓடுபாதைக்கு மேலே மூக்கைத் தூக்க வேண்டிய நேரத்தில் படம் அரை நொடி நின்றுவிட்டால் எரிச்சல் எப்படி வரும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் எண் கிடைத்தது. பையன் பேச்சில் கெட்டி. “அண்ணா, 4060 வச்சுக்கிட்டு 30 பிரேமா? கார்டை நிவிடியா பூட்டி வச்சிருக்காண்ணா. திறந்துவிட்டா 90 வரும். வரலேன்னா காசு வேண்டாம்.” வேலையைத் தொடங்கும் முன் ஹீத்ரோவில் இருந்த நிலையை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொன்னான். 31 பிரேம். ‘முன்பு’ படம் தயார்.

அப்புறம் உள்ளே வந்தான். முதலில் அட்மின் அனுமதி கேட்டு ஒரு கறுப்பு விண்டோ ஓடியது, எழுத்துகள் மளமளவென்று மேலே போயின. என்ன இது என்று கேட்டதற்கு, “கிளீனிங் ஸ்கிரிப்ட்ண்ணா, எல்லாருக்கும் போடுறதுதான்” என்றான். அடுத்து நிவிடியா கண்ட்ரோல் பேனல். பவர் மேனேஜ்மென்ட்டை ‘மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்’, டெக்ஸ்சர் ஃபில்டரிங்கை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’, விசிங்க் (படத்தை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் வசதி) ஆஃப். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற செயலியைப் போட்டு கார்டின் மெமரி வேகத்தை 1,200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, விண்டோஸ் திறக்கும்போதே அது அமலாகும்படி டிக் வைத்தான். கடைசியாக சிமுலேட்டருக்குள் போய் மேகத்தை அல்ட்ராவிலிருந்து லோ, டிஎல்எஸ்எஸ்-ஐ (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் வசதி) ‘அல்ட்ரா பெர்ஃபார்மன்ஸ்’, ஃபிரேம் ஜெனரேஷன் ஆன்.

பிறகு டெஸ்ட். செஸ்னா 152. கடலுக்கு மேலே, 10,000 அடியில், மேகமே இல்லாத ‘கிளியர் ஸ்கைஸ்’ வானம், லைவ் டிராஃபிக் ஆஃப். நிவிடியா ஓவர்லே மூலையில் 94 என்று காட்டியது. “பாத்தீங்களாண்ணா, 31 எங்கே, 94 எங்கே!” ஸ்க்ரீன்ஷாட். ‘பின்பு’ படமும் தயார். ஜிபே போனது.

அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஏ320, லண்டன், நெரிசல். இன்னொன்றில் சிறிய விமானம், வெறும் தண்ணீர். செட்டிங்ஸ் எதையும் தொடாமலே கடலுக்கு மேலே என் மெஷின் நல்ல பிரேம் தரும். அதிலும் அந்த 94-ல் பாதிதான் சிமுலேட்டர் உண்மையாகக் கணக்குப் போட்டு வரைந்தது. மீதியை ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டு பிரேம்களுக்கு நடுவே ஊகித்துச் சொருகுகிறது. அந்த வசதி மோசமானது என்று சொல்லவில்லை. நிஜ பிரேம் ஏற்கெனவே நன்றாக இருக்கும்போது கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும். நிஜ பிரேமே 28-ல் திக்கும்போது திக்கலையும் சேர்த்துத்தான் அது பெருக்கும், ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் விமானம் கேட்கும் நேரமும் கூடும். அதைவிட வேடிக்கை, என்னுடையது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். விசிங்க்கை வேறு அணைத்துவிட்டு 94-ஐத் திணித்தால் படம் குறுக்கே கிழிந்துதான் தெரியும். தெரிந்தது.

அன்று இரவே ஹீத்ரோ போனேன். திக்கல் அப்படியே இருந்தது. புதிதாக வேறொன்றும் சேர்ந்திருந்தது. 1440பி-யில் டிஎல்எஸ்எஸ் ‘அல்ட்ரா பெர்ஃபார்மன்ஸ்’ என்றால் கார்டு உள்ளே வரைவது 853க்கு 480 புள்ளிகள்தான், மற்றதெல்லாம் பெரிதாக்கி ஒப்பேற்றுவது. காக்பிட் திரையில் உயரம் காட்டும் எண்கள் உருளும்போது பின்னால் வால்போல் நிழல் இழுத்துக்கொண்டே வந்தது. 3,000 அடியா 2,000 அடியா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. இறங்குவதற்குள் சிமுலேட்டர் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்துவிட்டது. அதற்கடுத்த நாட்களிலும் அதே கதை.

பிறகுதான் அந்த ‘கிளீனிங் ஸ்கிரிப்ட்’ என்ன செய்திருக்கிறது என்று தோண்டினேன். விண்டோஸ் டிஃபெண்டரின் ரியல்டைம் பாதுகாப்பு அணைக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் அப்டேட் சர்வீஸ் முடக்கம். பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) பூஜ்யம். ‘ரேம் 32 ஜிபி இருக்கே, பேஜ் ஃபைல் எதுக்கு’ என்பது இந்த ஆட்களுக்கு வேதவாக்கு. இந்த சிமுலேட்டர் நினைவகத்தைத் தாராளமாகக் கேட்டு முன்பதிவு செய்துகொள்ளும். ஃபெனிக்ஸும் பிரவுசரும் கூடவே ஓடும்போது பேஜ் ஃபைல் இல்லையென்றால் விண்டோஸ் கையை விரித்துவிடும், சிமுலேட்டர் விழுந்துவிடும். கார்டின் மெமரி வேகத்தை ஏற்றியதும் தன் பங்குக்கு ஆட்டம் காட்டியிருக்கும். இரண்டையும் பழையபடி வைத்த பிறகு ஒரு தடவைகூட விழவில்லை.

பாதுகாப்பை அணைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஸ்கிரிப்ட்டை அட்மினாக ஓட்டியிருக்கிறார்கள். அதே பிரவுசரில்தான் என் பேங்க், மெயில் எல்லாம். ரிமோட் செயலியை நீக்கி, டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டி, போனிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். எதுவும் திருடு போகவில்லை. யாருக்காவது கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் யோசிக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள், அதுதான் இணையப் பண மோசடிக்கான உதவி எண்.

அவனிடம் கேட்டேன். வந்த பதில்: “அண்ணா உங்க சிபியு வீக். அதுக்கு தனி பேக் இருக்கு, 2,500.”

கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் பையன் சொன்ன காரணம் பாதி சரி, சொன்ன நேரம்தான் தப்பு. காசு வாங்கும் முன் இரண்டே நிமிடத்தில் பார்த்திருக்கலாம். சிமுலேட்டரின் ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர் மோடை ஆன் செய்து, மேலே வரும் மெனுவில் எஃப்பிஎஸ் காட்டச் சொன்னால், எது தடுக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும். ‘லிமிட்டட் பை மெயின்த்ரெட்’ என்று வந்தால் சிபியு (மெயின்த்ரெட் என்பது ஒரே கோரில் ஓடும் சிமுலேட்டரின் முக்கிய வேலை). ‘லிமிட்டட் பை ஜிபியு’ என்று வந்தால் கார்டு. ஹீத்ரோவில் எனக்கு வந்தது மெயின்த்ரெட். டாஸ்க் மேனேஜரில் கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. சமையல்காரர் ஒருவரே திணறும் ஹோட்டலில் பரிமாறுகிறவர்களை வேகமாக நடக்கச் சொன்ன கதைதான், கார்டை முறுக்கியது. மொத்த சிபியு 40 சதவீதம் என்று காட்டும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆறு கோரில் ஒன்று முழுதாக நிரம்பினாலே மெயின்த்ரெட் நின்றுவிடும்.

நான் திருப்பி வைத்ததைச் சொல்கிறேன், எல்லாம் இலவசம். கண்ட்ரோல் பேனலில் ‘ரீஸ்டோர்’ அழுத்தினேன். ஆஃப்டர்பர்னரை ரீசெட் செய்து டிக்கை எடுத்தேன். பேஜ் ஃபைலை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி விட்டேன். சிமுலேட்டரில் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்லை (நிலப்பரப்பை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்ற அளவு) 200-லிருந்து 100-க்குக் குறைத்தேன், மெயின்த்ரெட்டின் பாரத்தை அதிகம் குறைத்தது இதுதான். காக்பிட் திரைகள் மாறும் வேகமான கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷை மீடியமாக்கி, விமான நிலைய வண்டிகளையும் டிராஃபிக்கையும் குறைத்தேன். கார்டுக்கு இடம் இருப்பதால் மேகத்தை ஹைக்குத் திருப்பி, டிஎல்எஸ்எஸ்-ஐ ‘குவாலிட்டி’யில் வைத்தேன், எண்களின் வால் பெரும்பாலும் போய்விட்டது. டெக்ஸ்சரை மட்டும் அல்ட்ரா பக்கம் கொண்டுபோகவில்லை. 4060-ல் இருக்கும் மெமரி 8 ஜிபி, அது நிரம்பினால் வேறு வகைத் திக்கல் தொடங்கும்.

முக்கியமாக, விசிங்க்கை ஆன் செய்து, பிரேமை 30-ல் பூட்டிவிட்டேன். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு சுற்று நிற்கும், அதாவது 33.3 மில்லிசெகண்ட். 28, 35, 31 என்று குதிக்கும் பிரேமைவிட நிலையான 30 கண்ணுக்கு எவ்வளவோ மேல். சண்டை விளையாட்டு ஆடுகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஹீத்ரோவில் இப்போது ஒழுங்காக இறங்குகிறேன்.

பணம் திரும்பவில்லை. பில்லே கிடையாது, எண்ணையும் பிளாக் செய்துவிட்டான். நண்பர் ஒருவருக்குப் போன வாரம் அதே ஆளிடமிருந்து 2024 பதிப்புக்கான ‘ஸ்பெஷல் பேக்’ விளம்பரம் வந்திருக்கிறது, 4,500 ரூபாய். ‘ஹேப்பி கஸ்டமர்’ என்று போட்டிருப்பது என்னுடைய செஸ்னா படம். உங்களுக்கும் வந்தால், உங்கள் மெஷினில் அதே விமானம், அதே ஊர், அதே வானிலை வைத்து, ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்துவிட்டு ‘முன்பு, பின்பு’ காட்டச் சொல்லுங்கள்.