இன்வெர்ட்டர் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, என் அனுபவம்

எங்க ஊரு வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க தெரு போஸ்ட் மொத்தமும் சாஞ்சு வாரக்கணக்குல கரண்ட் இல்ல, அந்த பயத்துலதான் 900 விஏ (எவ்வளவு லோடு தாங்கும்ங்கிற அளவு) இன்வெர்ட்டரும் 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரி கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியும் எடுத்தோம்.

12 வோல்ட் பேட்டரி, 150 ஏஹெச்சோட பெருக்குனா கணக்குப்படி 1800 வாட் ஹவர், ஆனா கைக்கு வர்றது 1200 கிட்டதான். பழைய ஃபேன் ரெண்டு, லைட்டு மூணு போட்டா ஆறு மணி நேரம் ஓடுது. அப்புறம் கரண்ட் கம்மியா இழுக்குற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாத்துனோம், விடிய விடிய ஓடுச்சு, அம்மா நிம்மதியா தூங்குனாங்க!

கரண்ட் போற நேரத்தையும் வர்ற நேரத்தையும் தினசரி காலண்டர் தாள்லயே குறிச்சு வைக்கிறேன். மின்வாரியங்க இதையேதான் ஒரு கனெக்ஷனுக்கு வருஷத்துக்கு சராசரியா எத்தனை நிமிஷம் கரண்ட் கட்டுன்னு கணக்கு பண்ணி சைடின்னு சொல்றாங்க. நீங்களும் குறிச்சு பாத்துட்டு பேட்டரி சைஸ் முடிவு பண்ணுங்க.

குறைன்னா கடைக்காரர் சர்வீஸ்தான், நாலு தடவ போன் பண்ணியும் ஆள் வரல, பேட்டரில தண்ணி அளவு காட்டுற மிதவை சிவப்புக்கு இறங்கிடுச்சுன்னு டிஸ்டில்டு வாட்டர் நானே ஊத்துனேன். பேட்டரிக்கு அஞ்சுக்கு நாலரை, கடைக்கு ரெண்டு. புயல் சமயத்துல நாள்கணக்கா கரண்ட் இல்லன்னா இது மட்டும் பத்தாது, மாடியில ரெண்டு சோலார் பேனல் போடணும், அடுத்த மாசம் போடுறோம்.