வன்னீரும் வடிகட்டியும்: 5 ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் எங்கள் ஆர்ஓ (RO) குடிநீர் வடிகட்டியில் உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பிரேனை இரண்டாவது தடவையாக மாற்றினேன். அன்று மாலையே இணுவிலில் புது வீட்டுக்குக் குடிபுகுந்த தங்கை தொலைபேசியில், "அண்ணா, நாங்களும் ஒண்டு பூட்டட்டோ?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருவது; சுண்ணாம்பு மிகுந்த வன்னீர். கேத்தலின் அடியில் முட்டைக்கோது போலப் படியும் அதன் வெள்ளை, தேசிக்காய் பிழிந்து ஊறவிட்டால்தான் கழலும். தேநீர் ஆறும்போது மேலே மெல்லிய ஆடை மிதக்கும். சுன்னாகப் பக்கக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்திருப்பதாக ஊரெல்லாம் கலங்கிய 2015 இல், தேநீரின் ஆடை எண்ணெயன்று, வன்னீரும் தேயிலையும் சேர்ந்து செய்யும் வேலை என்று நான் எவ்வளவு சொல்லியும் அம்மா நம்பாமல் தேநீரையே வெறுத்திருந்தார். வடிகட்டி பூட்டிய முதல் நாளே ஆடை மறைந்தது. அம்மா இரண்டாவது கோப்பையும் கேட்டார்.

தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழிகளும் நிலத்தடி நீரில் சேர்க்கும், கைக்குழந்தைகளுக்குக் கேடான நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆர்ஓ அதையும் பெருமளவு குறைக்கும். கைக்குழந்தை இருந்த வீட்டுக்கு அந்த ஒரு நியாயமே போதுமாக இருந்தது.

என் கோபமெல்லாம் பின்புறத்து வெள்ளைக் குழாயின் மேல்தான். ஒரு வாளி நல்ல நீருக்கு மூன்று வாளி நீரை அது வெளியே தள்ளுகிறது. மெம்பிரேனில் சுண்ணாம்பு ஏறிய கடைசி மாதங்களில் அளந்து பார்த்தபோது ஐந்து வாளியைத் தாண்டியிருந்தது. தாங்கி நிரம்பியதும் மூட வேண்டிய வால்வும் இறுகிவிட்டதால் இரவு முழுவதும் சொட்டியது. திருத்த வந்தவர், "சுண்ணாம்புத் தண்ணி, ஐயா, வேறென்ன செய்ய" என்றார். சுண்ணாம்பை நீக்கவென்று வாங்கிய கருவி சுண்ணாம்பாலேயே பழுதாகுமென்பதை விற்றபோது எவரும் சொல்லவில்லை.

அந்தக் கழிவு நீரை வாழைப்பாத்திக்குத் திருப்பினேன். ஆனால் வாழைக்கும் கிணற்றுக்கும் இடையில் பதினைந்து எட்டு வைக்கும் தூரந்தான். செம்மண்ணுக்குக் கீழே வெடிப்புள்ள கல். அள்ளிய கிணற்றுக்கே உப்பைச் செறிவாக்கித் திருப்பிக் கொடுக்கிறோம். ஒரு வீட்டு வாளிக் கணக்கில் கிணறு கெட்டுவிடாது என்று அறிவு சொல்லும். இரவு இரண்டு மணிக்குச் சொட்டுச் சத்தம் கேட்கும்போது அறிவு எடுபடாது.

ஆகவே தங்கையிடம் வேண்டாம் என்றேன். புதுக் கூரைக்குப் பீலி போட்டுத் தாங்கி வைத்து, ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மழையில் முதல் நீரைக் கழித்துவிட்டுப் பிடிக்கச் சொன்னேன். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. "அப்ப நீங்கள் ஏன் 11,500 ரூபா குடுத்து மெம்பிரேன் மாத்தினீங்கள்?" என்றாள்.

இன்று காலை அவள் கணவர் 5 லீற்றர்ப் போத்தல்கள் இரண்டுடன் வந்து நிரப்பிக்கொண்டு போனார். வாழைக்கு 30 லீற்றர் போயிற்று.