பி-யா, சி-யா: கல்லீரலில் எது மோசமான குடித்தனக்காரன்?

தஞ்சாவூர்ப் பக்கம் காமாலை என்றாலே வரப்போரம் கீழாநெல்லி பறிக்கப் போய்விடுவார்கள். ஆனால் ஹெபடைட்டிஸ் பி, சி என்ற இரண்டு வைரஸ்களும் கண்ணில் மஞ்சளே காட்டாமல் வருடக்கணக்கில் கல்லீரலை அரிக்கும், ரத்தம் வழியாகப் பரவும். ஒற்றுமை அவ்வளவுதான்.

பித்த உப்பை உள்ளே இழுக்கக் கல்லீரல் செல் வைத்திருக்கும் என்டிசிபி என்ற புரதத்தைப் பிடித்துத்தான் பி நுழைகிறது, இது 2012-ல்தான் தெரியவந்தது. அப்புறம் நேரே உட்கருவுக்குப் போய்த் தன் டிஎன்ஏவை வளையமாக்கி உட்கார்ந்துகொள்ளும், எத்தனை முறை களையெடுத்தாலும் மண்ணுக்குள் கிடக்கும் கோரைக்கிழங்கு மாதிரி. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் புதிய வைரஸ் உருவாவதைத் தடுக்கும், வளையத்தைத் தொடாது. அதனால்தான் பலருக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை. இஷ்டத்துக்கு நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பும்.

சி-யின் மரபுப்பொருள் டிஎன்ஏ அல்ல, ஆர்என்ஏ, அது உட்கருவுக்குள் ஒளிவதில்லை. சோஃபோஸ்புவிர் அதன் நகலெடுக்கும் நொதியை முடக்கும், டாக்ளடாஸ்விர் இன்னொரு புரதத்தை. பெரும்பாலும் 12 வாரம், 100-ல் 90 பேருக்கு மேல் குணம். தடுப்பூசிதான் கிடையாது, பி-க்கு உண்டு, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே போட வேண்டும்.

சரி, கீழாநெல்லி? பி-க்குப் பலன் தருவதாக 1988-ல் சென்னை ஆய்வு ஒன்று வந்தது, பிற்பாடு மற்றவர்கள் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மாத்திரையை விடுவது வீண் விபரீதம்.

என்னைக் கேட்டால், வந்தபின் சமாளிக்க சி தேவலாம், வராமல் தடுக்க பி. ஆனால் சி-க்கு மருந்து தொடங்கும் முன் பி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், சி அடங்கும்போது பி தலைதூக்கலாம்.