லைஃப்டைம் ஆயிலும் என் ஆட்டோமேட்டிக் பிக்கப்பும்

வண்டியின் பவர், மைலேஜ், டச் ஸ்கிரீன் பற்றியெல்லாம் யூடியூபில் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு விஷயம், கியர்பாக்ஸ் ஆயில். டீசல் பிக்கப், 6 கியர் ஆட்டோமேட்டிக், வாங்கி 5 வருடம் ஓடிவிட்டது, மீட்டர் 70,000-ஐ நெருங்குகிறது. சித்திரை வெயிலில்தான் முதல் தடவையாக அந்த ஆயிலை, அதாவது ஏ.டி.எஃப்.-ஐ, மாற்றினேன். அதற்குப் பிறகு வண்டி ஓடுகிற அழகைப் பார்த்தால் மனசு குளிர்கிறது. அதை மாற்ற என்னை அலையவிட்டதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டியவர்களுக்குப் புரியும். கேட் தூக்கியதும் இரண்டு பக்கத்திலிருந்தும் பஸ், லாரி, டிராக்டர், டூவீலர் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே புகும். அங்கே கிளட்சை மிதித்து மிதித்தே முட்டி தேய்ந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாக ஊர்ந்துபோகும். அறுவடை சமயத்தில் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் மூட்டை லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அதே சுகம்தான். பின்னால் 45 கிலோ யூரியா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஈர வரப்போரம் ஏறும்போதும் திணறியதில்லை.

அப்புறம் நடுக்கம் வந்தது. 55, 60-ல் சீராக, ஆக்சிலரேட்டரில் கால் சும்மா பட்டுக்கொண்டிருக்கிற மாதிரிப் போகும்போது வண்டி ஒரு கணம் அதிரும். கதவோரம் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலில் சின்னச் சின்ன வளையம் ஓடும். அழுத்தி மிதித்தால் போய்விடும், காலை எடுத்தாலும் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. "ரோடு அப்படி" என்பார். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை அதையே கவனித்துக்கொண்டு ஓட்டினால் பைத்தியம் பிடித்துவிடும்.

சர்வீஸ் சென்டரில் வீல் பேலன்ஸ் செய்தார்கள். இன்ஜின் மவுண்டை ஆட்டிப் பார்த்தார்கள். சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள், அதற்கும் ஒரு பில். கியர் ஆயிலை மாற்றிப் பார்க்கலாமே என்றேன். "அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே கூடாது." வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்து, அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். பாரம், அடிக்கடி நின்று போவது, நீண்ட நேரம் ஐட்லிங், தூசி, தண்ணீர் இதெல்லாம் இருந்தால் ஆயிலைப் பார், மாற்று என்று அவர்கள் கம்பெனியே போட்டிருக்கிறது. அட்வைசர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல்ல ஓட்டுறவங்களுக்கு சார். நம்ம ஊர்ல ஏத்தம் எங்க இருக்கு?" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனக்குக் கோபம். ஏற்றம் இல்லாத ஊர் என்பது உண்மை. கல்லணை தாண்டினால் கடல் வரைக்கும் தட்டையாகத்தான் கிடக்கிறது. ஆனால் ஆயிலைக் கெடுப்பது சூடு, ஏற்றம் சூட்டுக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் இருக்கிற டார்க் கன்வர்டர் ஆயில் வழியாகத்தான் சக்தியைக் கடத்துகிறது. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்றும்போது அந்த வித்தியாசத்தில் வீணாகிற சக்தி ஆயிலில் சூடாக இறங்கும். ஓரளவு வேகம் பிடித்துச் சீராக ஓடினால் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும், சூடும் அடங்கும். திருச்சி - சென்னை நால்வழிச் சாலையில் போகிறவருக்கு அது பூட்டியே கிடக்கும். நம் பக்கத்தில்? கண் மூடித் திறப்பதற்குள் ஒரு ஊர், ஊருக்கு இரண்டு வேகத்தடை, பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதி பாதியில் அறுவடை மெஷின் ஆடி அசைந்து வருகிறது. பூட்டுவதும் விடுவதுமாகவே அதன் பொழுது போகிறது. என் நடுக்கம் அங்கேதான் பிறந்தது. ஆயிலில் உராய்வைச் சரியாக வைத்திருக்கும் மருந்து ஒன்று உண்டு. அது சூட்டில் தீர்ந்துபோனால் அந்தக் கிளட்ச் வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்து அதிரும்.

ஐப்பசி, கார்த்திகை மழை வேறு இருக்கிறது. சூடான கியர்பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வருவதற்கான பிரீதர் குழாய் கழன்றோ வெடித்தோ இருந்தால் தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியில் வடித்த ஆயிலை ஒருமுறை பார்த்தேன், கும்பகோணம் ரோஸ்மில்க் தோற்றது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையானாலும் இதே நிறம்தான். அந்த நிறத்தைப் பார்த்தபின் கிலோமீட்டர் கணக்கெல்லாம் பேசக்கூடாது, வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

கடைசியில் திருச்சியில், ஆட்டோமேட்டிக் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். சம்பை, அதாவது அடியில் ஆயில் தேங்கும் தட்டை, கழற்றியதும் அவர் முதலில் பார்த்தது ஆயிலை அல்ல, சம்புக்குள் ஒட்டியிருந்த காந்தங்களை. மேலே சாம்பல் நிறத்தில் குழைவாக அப்பியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்து, என் விரலிலும் தடவினார். நெருடவில்லை. "இது சாதா தேய்மானம்ணே. தகடு தகடா மின்னிச்சுன்னாதான் கவலைப்படணும்." ஆயில் கறுப்புக்குப் பக்கத்தில் போயிருந்தது, தீய்ந்த வாடை லேசாக. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள் என்பதும் அவர் சொன்னதுதான். சில ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், ஆனால் நன்றாக இருக்கும்.

வடித்தால் முழுவதும் இறங்காது. கன்வர்டரிலும் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். மெஷின் வைத்து மொத்தமாகத் தள்ளலாம், நான் அதற்கு ஒப்பவில்லை. வடித்து ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றினோம். ஃபில்டரும் கேஸ்கெட்டும் புதுசு. சிவப்பாக இருக்கிற எல்லா ஆயிலும் ஒன்றல்ல. புத்தகத்தில் போட்டிருக்கும் அதே தரம்தான் ஊற்ற வேண்டும்.

உண்மையான கூத்து லெவல் பார்ப்பதில். அளவு பார்க்கிற குச்சி, டிப்ஸ்டிக், கிடையாது. ஆயில் 35 டிகிரிக்கும் 45-க்கும் நடுவில் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லெவல் பார்க்கிற போல்ட்டைத் திறந்தால் நூல் போல ஒழுக வேண்டும். சித்திரை மாதத் திருச்சியில் பட்டறைக்குள்ளேயே 40 டிகிரி! ராத்திரி முழுக்க வண்டியை ஆறவிட்டு, விடிந்தும் விடியாததுமாக, ஆயில் சூட்டைக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தோம். 33 காட்டியது. இன்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, 35-ஐத் தாண்டியதும் போல்ட்டைத் திறந்து, ஒழுகி அடங்கியதும் மூடினார். காபி ஆறுவதற்குள் முடிந்தது. அதற்காகத்தான் ஒரு ராத்திரி லாட்ஜில் தங்கினேன்.

நடுக்கம் போயே போய்விட்டது. மூன்றிலிருந்து நான்கு விழுவது காதுக்குத்தான் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே, ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து வழுக்கிக்கொண்டிருக்கும் வண்டி எப்படியும் போகிற வண்டிதான். பழி மட்டும் புது ஆயில் மேல் விழும்.

எப்போது மாற்றுவது? கியர்பாக்ஸ் செய்கிற ஜெர்மன் கம்பெனி இசட்.எஃப்., தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், போனால் 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. அது எல்லோருக்குமான கணக்கு. டெல்டாவில் பாரத்தோடு ஓட்டுகிறவருக்கு என் கணக்கு 50,000 அல்லது 4 வருடம், எது முந்துகிறதோ அது. வெள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டியானால் அந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.

என் சின்ன மச்சான் செகண்ட்ஹேண்டில் இதே மாதிரி ஒரு ஆட்டோமேட்டிக்கைப் பார்த்து வைத்துக்கொண்டு நேற்று போன் பண்ணினான். கியர்பாக்ஸைப் பற்றி அரைமணி நேரம் புகழ்ந்துவிட்டு, மேனுவல் எடுடா என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் குழப்பம். ஆயில் மாற்ற நூறு கிலோமீட்டர் போய், லாட்ஜில் படுத்து, பில் 20,000-ஐத் தாண்டுகிற பொறுமை அவனுக்குக் கிடையாது. அப்படியென்றால் உங்கள் வண்டியை எனக்குக் கொடுத்துவிடுங்கள் மாமா, ஆயில்தான் மாற்றியாயிற்றே என்றான். போனை வைத்துவிட்டேன்.